தனக்கென்று எடுத்துவைத்த ஹாப்ஸ்

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆர்வெத் தன் சாவுக்கென்று ஒரு தலையணை உறை நிறைய, பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூ எடுத்து வைப்பார். நன்றாகக் காய்ந்த பூவை முழங்காலால் அழுத்தி அடைத்து, வாயைத் தைத்து, வீட்டின் வடக்குப் பக்கத்துச் சரக்கறையில் எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுவார். அடுத்த இலையுதிர் காலத்துக்குள் அவர் சாகாவிட்டால் பழைய பை இறங்கும், புதியது ஏறும். இறங்கியது கிறிஸ்துமஸ் பீருக்குப் போய்விடும்.

“இந்த வருஷமும் ஏமாத்திட்டேன். வாங்க, என் சாவைக் குடிக்கலாம்” என்று ஊரைக் கூப்பிடுவார்.

ஊர் என்றால் ஊட்லா. சாரெமா தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. கோடையில் தலைநகர் தாலினிலிருந்து வருகிறவர்களின் கார்கள் நிற்கும். குளிர்காலத்தில் புகை வருகிற வீடுகளைக் கைவிரலால் எண்ணிவிடலாம். நான் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் வட்டாரப் பணியாளர். செவ்வாயும் வெள்ளியும் அங்கே போவேன். முதலில் ஆர்வெத், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் எவால்த். இரண்டு பேருமே வீட்டில் தனி ஆள். மாத்திரையைப் பெட்டியில் பிரித்து வைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, முதுகு தேய்த்துவிடுவது, கால் நகம் வெட்டுவது, அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போடுவது என் வேலை. பேச்சுத்துணையும் அந்த வேலையில் சேர்த்திதான், ஆனால் அதற்கென்று யாரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

ஆர்வெத் பெரிய உடம்புக்காரர். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் தானியம் உலர்த்தும் கூடத்தில் வேலை பார்த்தவர். பார்லியை உள்ளங்கையில் வைத்து ஊதினாலே ஈரம் எவ்வளவு என்று சொல்வாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “கேட்டேன். அவ கோழிப்பண்ணை மேனேஜரைக் கட்டிக்கிட்டா. முட்டை கிடைக்கும் பாரு” என்பார். இதைத் தவிர வேறு விளக்கம் யாருக்கும் கிடைத்ததில்லை.

அவர் பெயர் சொன்னால் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பீர்தான். ஊட்லாவில் ஒரு சாவு விழுந்தால், பாதிரியார் அடக்கத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் ஆர்வெத்துக்குத்தான் ஃபோன் செய்வார். பீர் என்றைக்குத் தயாராகும் என்று கேட்டுக்கொண்டுதான் தேதி. பிணம் குளிர்பெட்டியில் காத்திருக்கும், பீர் காத்திருக்காது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்காரர்கள் தங்கள் சாவுக்குத் தாங்களே பீர் காய்ச்சக் கூடாது. பக்கத்து வீட்டான் தன் கொடியில் விளைந்த பூவைப் போட்டுக் காய்ச்சித் தர வேண்டும். அழுகிற கையால் கிளறினால் புளித்துப்போகும் என்பார்கள். ஈஸ்ட்டுக்கு யார் அழுகிறார்கள் என்று தெரியுமா என்ன, ஆனால் வழக்கம் அப்படி.

ஊரிலிருந்த பாதிப் பேரை ஆர்வெத்தின் பீர்தான் வழியனுப்பியது. அவரை யார் அனுப்புவது என்பதுதான் கேள்வி. காய்ச்சத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அவரும் எவால்த்தும் மிச்சம். அவர்கள் இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சில்லை.

அந்தச் சண்டையும் ஹாப்ஸால் வந்ததுதான். கொடியில் ஆண் தனி, பெண் தனி. பீருக்கு வேண்டிய பூ பெண் கொடியில் மட்டும் பூக்கும். ஆண் கொடி பக்கத்தில் இருந்தால் காற்றில் மகரந்தம் பறந்து, பூவெல்லாம் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூ கனமாக இருக்கும், மணம் குறையும், பீரில் எண்ணெய்க் கசப்பு ஒன்று தங்கும். எவால்த்தின் மனைவி லெய்டா தன் விறகுக் கொட்டகையின் மேல் ஒரு ஆண் கொடியை வளர்த்திருந்தாள். கொட்டகையின் தகரம் தெரியாமல் பச்சையாகப் படர்ந்து கிடக்கும், அது அவளுக்குப் பிடித்திருந்தது. எடுத்துவிடும்படி ஆர்வெத் இரண்டு கோடை நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார். “பூவுக்காக நீ வளக்குற, கண்ணுக்காக நான் வளக்குறேன்” என்றாள் லெய்டா. மூன்றாவது கோடையில் அவர்கள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆர்வெத் மண்வெட்டியோடு வேலி தாண்டிப் போய் வேரோடு தோண்டி எடுத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலம் லெய்டா செத்துப்போனாள். கொடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கணையத்தில் புற்றுநோய். ஆனால் எவால்த் வந்து பீர் கேட்கவில்லை. ஆர்வெத்தும் தானாகப் போய்த் தருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டால் கொடுப்பேன் என்று இவரும், கொடுத்தால் வாங்குவேன் என்று அவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றிருப்பார்கள் போல. ஊட்லாவில் கடை பீர் வைத்த முதல் அடக்கம் லெய்டாவுடையது. இதை இரண்டு பேருமே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்.

யூரோ வருவதற்கு முந்தைய வருடம் ஆர்வெத்துக்குக் காலில் நீர் இறங்கியது. இதயம் தளர்ந்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஆகஸ்ட் முடிகிற நேரம். நான் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மைமு, போய் ஒரு பூ பறிச்சிட்டு வா. தெற்குப் பக்கத்துக் கம்பத்துல, கை எட்டுற உயரத்துல.”

பறித்துவந்து கொடுத்தேன். இரண்டு விரலால் அமுக்கினார். பூ பஞ்சுபோல அமுங்கித் திரும்ப எழுந்தது. காதருகே வைத்து உருட்டினார். காகிதம் மாதிரி சரசரத்தது. பிய்த்துப் பார்த்தார், இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு என் மூக்கருகே நீட்டினார்.

“என்ன வாசனை?”

“உங்க கை வாசனை.”

“உனக்கு மருந்து வாசனையைத் தவிர வேற எதுவும் ஏறாது. பழுத்துடுச்சு. இந்த வாரம் எடுக்கலேன்னா பொடி கொட்டிடும்.”

வெள்ளிக்கிழமை எவால்த்தின் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பனி உலர்ந்த பிறகு கொடியை முழங்கால் உயரத்தில் அறுத்தேன். வேரோடு கொஞ்சம் தண்டு விட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடத்துக்கு வேரில் சத்து இருக்காது. கம்பத்தைச் சாய்த்துக் கொடியை உருவி, இழுத்துக்கொண்டு வந்து சமையலறையில் போட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஆய்ந்தோம். கொடியின் ரோமம் முழங்கையெல்லாம் கீறிவிடும். விரல்களில் கறுப்பாகப் பிசின் ஏறும், சோப்பு போட்டாலும் போகாது. அந்த வாசனை தூக்கத்தைக் கொண்டுவரும். பாதி வேலையில் ஆர்வெத் நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். நான் ஆய்ந்து முடித்து எழுப்பினேன்.

பூவைப் பரண் மேல் பரப்ப வேண்டும். வெயில் கூடாது, காற்று வேண்டும். அவர் வீட்டுப் பரணுக்கு வெளிச்சுவரில் சாத்திய ஏணி வழியாக ஏறி, முகட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். எதிர்முனையிலும் ஒரு கதவு உண்டு. இரண்டையும் திறந்தால் காற்று வீட்டின் நீளத்துக்கும் ஓடும். நான் ஏறி லினன் விரிப்புகளை விரித்து, பூவை ஒரு கை கனத்துக்கு மேல் போகாமல் பரப்பினேன். கீழே அவர் படுக்கையில் இருந்தபடியே கூரைப் பலகை வழியாக உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

“வாரிப் போடாத! தொட்டில்ல குழந்தையைப் போடுற மாதிரி போடு!”

“எந்தக் குழந்தையையும் நான் இப்படி முறத்துல அள்ளல!”

இறங்கி வந்ததும் சொன்னேன்: “ஏணியில கால் வெச்சீங்கன்னா ஆம்புலன்ஸ் வராது, பாதிரியார்தான் வருவார். சத்தியம் பண்ணுங்க.”

“தினமும் புரட்டணும் மைமு. மூடுபனி வந்தா கதவை மூடணும், காத்து வந்தா திறக்கணும். நீ செவ்வாய்க்கிழமைதான் வருவ. அதுக்குள்ள அடிப்பூ வேர்த்து பூசணம் புடிச்சிடும்.”

“புடிக்கட்டும்.”

நான் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி ஆர்வெத் கேட்டார்: “அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்.”

“எவன்கிட்ட?”

“தெரியாத மாதிரி கேக்காத. பூ வெச்சிருக்கேன்னு சொல்லு. காய்ச்ச ஆள்தான் இல்லன்னு சொல்லு.”

நான் தபால்காரி இல்லை என்று பல தடவை அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. போகிற வழிதானே என்று எவால்த்தின் கதவைத் தட்டினேன். அவர் ஒல்லி, நரம்பு மனிதர், டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். புகைபோட்ட தட்டை மீனைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“லெய்டாவுக்கு கடை பீர்,” என்றார் கத்தியைத் துடைத்துக்கொண்டே. “அவனுக்கு கடைத் தண்ணி போதும்.”

“இதையே அவர்கிட்ட சொல்லவா?”

“சொல்லு. மீனு கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போ. உனக்குத்தான். அவனுக்குக் குடுக்காத.”

நான் இரண்டையும் எடுத்துப்போகவில்லை.

செவ்வாய்க்கிழமை போனபோது ஆர்வெத் படுக்கையில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு என்றால் உதடு ஒரு பக்கம் கோணும், அவ்வளவுதான்.

“பரண்ல மரநாய் புகுந்திருக்கு, மைமு.”

“விரிப்பையெல்லாம் நாசம் பண்ணியிருக்குமே!”

“நல்ல மரநாய். பூட்ஸ் போட்டுட்டு வருது. காலையில காப்பி வேளை முடிஞ்சதும் வருது, அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி வரைக்கும் நடக்குது, போயிடுது. இருமல் வேற இருக்கு அதுக்கு.”

ஏணியில் ஏறிப் பார்த்தேன். பூ புரட்டப்பட்டிருந்தது, என்னைவிட நேர்த்தியாக. ஓரமாகக் குவிந்திருந்ததைக் கலைத்துப் பரப்பியிருந்தார்கள். காற்று வருகிற பக்கத்துக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கம்பியை வளைத்து ஒரு கொக்கி மாட்டியிருந்தது. மெக்கானிக் வளைத்த வளைவு.

எவால்த்திடம் போனதும், “பரணுக்கு ஏறினீங்களா?” என்று கேட்டேன்.

“எந்தப் பரணுக்கு?”

“உங்களுக்கு வயசு என்ன, அந்த ஏணிக்கு வயசு என்ன?”

அவர் ரத்த அழுத்தக் கருவிக்குக் கையை நீட்டினார். பட்டை இறுகித் தளர்ந்தது. பிறகு, “சனிக்கிழமை நல்ல காத்து. அவன் கதவு மூடியே இருந்துச்சு. இங்கேருந்து பார்த்தாலே தெரியுது. பூ என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். “புரட்டினதால காய்ச்சித் தருவேன்னு அர்த்தமில்ல. அதையும் சொல்லிடு.”

“நான் சொல்ல மாட்டேன். வேலி இருக்கு, போய் நீங்களே சொல்லுங்க.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்லையே.”

இப்படியே அந்த வாரமும் போயிற்று. நான் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்பது ஆர்வெத் சொல்லித்தான் தெரியும். காலையில் அவர் படுக்கையில் காத்திருப்பார். ஏணி கிறீச்சிடும். பலகைக்கு மேலே நடை கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். பலகை இடுக்கில் இலைத்துகள் அவர் போர்வை மேல் உதிரும். ஒரு வார்த்தை மேலிருந்து கீழே வரவில்லை, கீழிருந்து மேலே போகவில்லை. “கத்திக் கூப்பிட்டிருக்கலாமே” என்றேன். “கூப்பிட்டா இறங்கிப் போயிடுவான்” என்றார். அது உண்மைதான்.

ஒருநாள் ஆர்வெத் ஊன்றுகோலோடு வாசல்வரை நகர்ந்து, ஏணியின் கடைசிப் படியில் முந்தைய கிறிஸ்துமஸில் மிச்சமான பீர் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் போனபோது அதே படியில் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதைக் காட்டி, “பாத்தியா, கொட்டல” என்றார் ஆர்வெத்.

“கொட்டினாரா குடிச்சாரான்னு பாட்டிலைப் பார்த்தா எப்படித் தெரியும்?”

“கொட்டுறவன் கழுவ மாட்டான்.”

பூ காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான். இதழ் சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் இருக்கிற காம்புதான் ஏமாற்றும். காம்பை மடக்கினால் வளையக் கூடாது, ஒடிய வேண்டும். நான் ஒரு பிடி கொண்டுவந்தேன். ஆர்வெத் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். எல்லாம் ஒடிந்தன. அன்றைக்கே தலையணை உறையில் அடைத்தோம். அவரால் முழங்காலை வைத்து அழுத்த முடியாததால் நான் அழுத்தினேன். காற்று உள்ளே நின்றால் பூ கெட்டுவிடும், கல் மாதிரி இறுக வேண்டும். வாய் தைத்து, சரக்கறையில் தொங்கவிட்டேன். உறைவிப்பானில் வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். “நான் ஒருத்தன் குளிர்பெட்டிக்குப் போறது போதும்” என்றார்.

அக்டோபர் மாதம் நான் நகம் வெட்டிக்கொண்டிருக்கும்போது எவால்த் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதுவரை வேலியின் அந்தப் பக்கத்தைப் பற்றி அவராக எதையும் கேட்டதில்லை.

“அவன் மால்ட் எங்க வாங்குறான்?”

“வல்யாலாவுல ஒருத்தர்கிட்டன்னு நினைக்கிறேன். எதுக்கு?”

“சும்மாதான். இப்ப நல்ல மால்ட் எங்க கிடைக்குது.”

பீருக்கு முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அவர் கேட்டதை ஆர்வெத்திடம் சொன்னேன். தபால் வேலைதான், ஆனாலும் சொன்னேன். அவர் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “அப்படியா கேட்டான்?” என்றார். பிறகு, “மால்ட்டுன்னா கேட்டான்?” என்று மறுபடியும் கேட்டார். அன்றைக்குத் தட்டைக் காலி செய்தார். பல வாரமாகப் பாதிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அதற்குப் பிறகு தன் அடக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பீர் வடிக்கப் போடும் ஜூனிப்பர் புதரின் கிளையைக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டுமாம், உள்நாட்டுக் கிளையில் காரம் போதாதாம். கொப்பரை முற்றத்துக் கோடைச் சமையலறையில் கவிழ்த்து இருக்கிறதாம், அவனுக்குத் தெரியுமாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு வாரங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் காரைவிட்டு இறங்குவதற்குள் ஆர்வெத் ஜன்னலைத் திறந்து கத்தினார்:

“இங்க வராத! முதல்ல அங்க போ! அவன் வீட்டுல புகையக் காணோம்!”

எவால்த் நடையில் இருந்த பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் பூட்ஸ், இன்னொன்று கையில். வெளியே கிளம்பியிருக்கிறார், குனிந்திருக்கிறார், அவ்வளவுதான். உடம்பு விறைத்திருந்தது. அவர் கண்ணை மூடிவிட்டேன், தாடையைத் துண்டால் கட்டினேன், வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைத்தேன், டாக்டருக்கும் கடல் தாண்டித் துர்க்குவில் இருக்கும் எவால்த்தின் மகள் பிரெத்துக்கும் ஃபோன் செய்தேன். பூட்ஸை மட்டும் கையிலிருந்து எடுக்க முடியவில்லை. டாக்டர் வந்து எடுத்தார்.

நான் திரும்பிப் போனபோது ஆர்வெத் கம்பளி பூட்ஸ் மாட்டி, கோட்டைப் பாதி போட்டுக்கொண்டு கதவைப் பிடித்து நின்றிருந்தார்.

“என்ன?”

“போயிட்டாரு.”

அவர் நாற்காலிவரை நடந்து உட்கார்ந்தார். கோட்டின் ஒரு கை காலியாகத் தொங்கியது.

“முந்திக்கிட்டான்,” என்றார்.

மறுநாள் பிரெத் கப்பலில் வந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது, துர்க்குவில் பல் மருத்துவமனையில் வேலை. சாவியை வாங்கிக்கொள்ள ஆர்வெத்தின் வீட்டுக்கு வந்தாள், நான்தான் அங்கே கொடுத்து வைத்திருந்தேன். காப்பி ஊற்றினேன். அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் குரெஸ்ஸாரே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிவிடுவதாகச் சொன்னாள்.

“பீர் வாங்காத,” என்றார் ஆர்வெத்.

“ஏன் மாமா?”

“உங்கம்மாவுக்கும் கடை பீர்தான். உங்கப்பனுக்கும் அதுவேவா?”

பிரெத் கோப்பையைக் கீழே வைத்தாள். “அம்மாவுக்குக் கடை பீர் ஆனதுக்கு யாரு காரணம், ஆர்வெத் மாமா?”

“அதனாலதான் சொல்றேன். பாதிரியார்கிட்ட சொல்லி அடுத்த வாரக் கடைசிக்குத் தேதி வாங்கு. அதுக்குள்ள என் பீர் இறங்கிடும்.”

அவள் போன பிறகு நான் சொன்னேன்: “பழைய பை தீர்ந்துபோச்சு. இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்ச முடியாதுன்னு அடுப்புல போட்டுட்டீங்க. இருக்குறது உங்களுக்கு வெச்சது.”

“யாருக்கு வெச்சதுன்னு எனக்குத் தெரியும்.”

“அடுத்த பூ வர ஆகஸ்ட் ஆகும்.”

“அதுவரைக்கும் சாகாத மாதிரி நீ மாத்திரை குடு.”

“காய்ச்சுறதுக்கு ஆளு?”

மால்ட்டுக்காரரின் ஃபோன் எண்ணைத் தேடச் சொன்னார்.

கோடைச் சமையலறையில் அவருக்கு நாற்காலி போட்டு, காலைப் பெட்டி மேல் தூக்கிவைத்து, போர்வை சுற்றி உட்காரவைத்தேன். பிரெத்தும் நானும் அவருக்குக் கையும் காலுமாக ஆனோம். மகள் கை படக் கூடாதே என்று பிரெத்தே தயங்கினாள். “நீ தண்ணி மட்டும் தூக்கு. கிளறாத, எட்டிப் பார்க்காத. அழறதா இருந்தா வெளிய போய் அழு” என்றார். அவள் தண்ணீர் தூக்கினாள். மரத்தொட்டியின் அடியில் ஜூனிப்பர் கிளையை அடுக்கி, ஊறிய மால்ட்டைக் கொட்டி, வெந்நீர் விட்டு வடித்தோம். கீழே பழுப்பாக, இனிப்பாக இறங்கியது. சின்னக் கொப்பரையில் ஹாப்ஸுக்குத் தண்ணீர் கொதித்தது.

பையின் தையலை அவரே பிரித்தார். மூன்று மாதமாக மூடிக்கிடந்த பச்சை வாசனை அறை முழுக்க எழுந்தது. ஒரு பூவை எடுத்துத் தேய்த்தார். பொடி இன்னும் மஞ்சளாகவே இருந்தது. புரட்டியவர் நன்றாகப் புரட்டியிருந்தார். நான் வழக்கமான அளவுக்குக் கிண்ணத்தில் எடுத்தேன்.

“இன்னொரு கிண்ணம்.”

“கசக்கும்.”

“ரெண்டு பேருக்குப் போடணும், மைமு. மிச்சம் வைக்காத. கொட்டு.”

கொட்டினேன். பிரெத் தண்ணீர் வாளியோடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு வெளியே போனாள்.

அடக்கத்தன்று எவால்த்தின் வீட்டில் கூட்டம் நிரம்பிவிட்டது. பழைய கூட்டுப்பண்ணை ஆட்கள் அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். எலும்புச் சாற்றோடு கட்டியாக உறையவைத்த பன்றிக்கறி, உருளைக்கிழங்கு சாலட், கறுப்பு ரொட்டி, நடுவில் பீர்த் தொட்டி. முதல் மிடறு குடித்தவர்கள் எல்லோருக்கும் முகம் சுருங்கியது.

“ஆர்வெத், இதுல என்ன, வேலியையும் சேர்த்துக் காய்ச்சிட்டியா?”

“செத்தவன் எழுந்து உட்காந்துடப் போறான்யா இந்தக் கசப்புல!”

“நல்லதுதானே, என் கார்புரேட்டரை அவன்தான் பிரிச்சுப் போட்டிருக்கான். வந்து மாட்டட்டும்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள். மாலைக்குள் தொட்டி காலி. ஆர்வெத் சமையலறை ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்குள் அவர் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, வேலிக்கு அந்தப்புறம் இருந்த தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கில்லாமல், கூரையில் பனியோடு நின்றது.

“இங்கேருந்து என் வீடு இப்படித்தான் தெரியுமா?” என்றார்.

“விளக்கைப் போட்டுட்டு வந்திருக்கலாம்.”

“பரண் கதவு நல்லாத் தெரியுது,” என்றார்.

அதன் பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் புகை இல்லை. பிரெத் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். ஆர்வெத்தின் கட்டில், பரணில் பூ பரப்பிய இடத்துக்கு நேர் கீழே இருந்தது. அதை மாற்றிப் போடச் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. மாற்றிப் போட்டேன்.

மார்ச்சில் நீர் நெஞ்சுவரை ஏறிவிட்டது. மூன்று தலையணை வைத்துத்தான் தூங்க முடிந்தது. ஒருநாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“மைமு, நீ அன்னிக்கு எல்லாம் பார்த்தியே. உன்னால காய்ச்ச முடியுமா?”

“பார்த்தேன். பார்த்தா தெரிஞ்சுடுமா? நீங்க சொல்லச் சொல்லத் தூக்கினேன், கொட்டினேன். பூவும் இல்ல. நான் காய்ச்சினா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி வரும். உங்க பேர்தான் கெடும்.”

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். சாகப்போகிறவர்களிடம் அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

அவர் சட்டைக்குக் கையை நீட்டினார். “அப்போ கடையில வாங்கு. ஸ்ட்ராபெரி போட்டது வேண்டாம்.”

“சரி.”

“டின்னுல வாங்காத.”

“பார்க்கிறேன்.”

ஜூன் தொடக்கத்தில், கொடி கம்பத்தில் பாதி ஏறியிருந்த சமயம், ஆஸ்பத்திரியில் இறந்தார். பாதிரியார் எனக்கு ஃபோன் செய்து வெள்ளிக்கிழமை சரியா என்று கேட்டார். யாரையும் கேட்கத் தேவையில்லாமல் தேதி குறிக்க அவருக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது என்றார். சரி என்றேன்.

நான் குரெஸ்ஸாரேவுக்குப் போய்ப் பாட்டில் பீர் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தேன். எவால்த்துக்கு வந்த கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அவருக்கு மகள் இருந்தாள், அவள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். இவருக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை, தாலின்காரர்கள் இன்னும் வந்திருக்கவில்லை. பாதிரியார், நான், மால்ட்டுக்காரர், பண்ணை ஆட்களில் இரண்டு மூன்று பேர், துர்க்குவிலிருந்து பிரெத். அவள் பாட்டில்களைத் திறந்து ஆர்வெத்தின் மரக்குவளைகளில் ஊற்றி வைத்தாள்.

யாரும் குறை சொல்லவில்லை. கசப்பே இல்லை, குளிர்ச்சியாக இருந்தது, சீக்கிரம் எழுந்து போனார்கள். பல பெட்டிகள் பிரிக்காமலே மிச்சம் இருந்தன. திங்கட்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்காரன் ஒன்றும் கேட்காமல் திருப்பி எடுத்துக்கொண்டான்.